பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் திருப்புதல்: மாணவர் கையில் எதைக் கொடுப்பது?

கேள்வி
எழுதியவர்: டெல்டா ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். காவிரிப் படுகையில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். இதுவரை ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை சமூக அறிவியல் எடுத்து வந்த நான், இந்த ஆண்டுதான் முதன்முறையாகப் பத்தாம் வகுப்பை ஏற்றிருக்கிறேன். வகுப்பில் 41 பேர். அரையாண்டுத் தேர்வில் ஒன்பது பேர் 35ஐத் தொடவில்லை. எண்பதைத் தாண்டியவர்கள் ஐந்து பேர் மட்டுமே. பாடங்களை முடித்துவிட்டேன். பொதுத்தேர்வுக்கு இன்னும் எட்டு வாரங்கள் இருக்கின்றன.

திருப்புதலுக்கு எந்தத் துணைக்கருவியைப் பயன்படுத்துவது என்பதில்தான் எனக்குக் குழப்பம். வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக இதுவரை ஆறு பிடிஎஃப் கோப்புகள் வந்துவிட்டன. ஒன்று ஒரு மதிப்பெண் வினாத் தொகுப்பு, ஒன்று மெல்லக் கற்போருக்கான கையேடு, மற்றவை மாவட்ட வாரியாகத் தயாரித்த வினா வங்கிகள். எல்லாவற்றையும் சேர்த்தால் 400 பக்கங்களுக்கு மேல் வருகிறது. ஒருவருக்கு ஒரு படி வீதம் நகலெடுக்க எங்கள் பள்ளியில் பணமில்லை. பெற்றோரில் பெரும்பாலோர் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள் என்பதால் அவர்களிடம் கேட்கவும் மனம் வரவில்லை. வசதியுள்ள பிள்ளைகள் கடையில் கைடு வாங்கிவிட்டார்கள். வாங்கியவர்கள் பாடநூலைத் தொடுவதையே நிறுத்திவிட்டார்கள் என்பது இன்னொரு கவலை.

அரையாண்டுத் தேர்வில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இந்தியாவில் யூனியன் பிரதேசங்கள் எத்தனை என்பதற்கு ஒருவன் ஏழு என்றும், ஒருத்தி ஒன்பது என்றும், இன்னொருவன் எட்டு என்றும் எழுதியிருந்தார்கள். அழைத்துக் கேட்டபோது மூவரும் ஆளுக்கோர் அச்சிட்ட தாளைக் கொண்டுவந்து காட்டினார்கள். மூன்றிலும் அவரவர் எழுதிய விடைதான் இருந்தது. தவறு பிள்ளைகளுடையது அல்ல என்பது புரிந்தது, ஆனால் எந்தத் தாளை நம்பச் சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

நன்றாகப் படிக்கும் ஒரு மாணவன் 52 எடுத்திருந்தான். அவனிடம் காரணம் கேட்டேன். "படிச்சதெல்லாம் தெரியுது டீச்சர், பேப்பர்ல எழுதத்தான் வரல" என்றான். இரண்டு வாரமாக அந்தச் சொல் மனத்தை விட்டு அகலவில்லை.

எனவே அனுபவமுள்ளவர்களிடம் கேட்கிறேன். இந்த எட்டு வாரங்களில் மாணவர் கையில் எதைக் கொடுப்பது, எதை விலக்குவது? வரைபடத்திற்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்? அந்த ஒன்பது பேருக்கு மட்டும் வேறு வழி வைத்துக்கொள்வது சரியா?


மறுமொழி 1
எழுதியவர்: பழைய கரும்பலகை

அம்மா, வணக்கம். 31 ஆண்டுகள் இதே பாடத்தை எடுத்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். உங்கள் மாணவன் சொன்ன அந்த ஒரு வரியிலேயே உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். அவன் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறான். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒரு முறைகூட எழுதிப் பார்த்ததில்லை. வாசிக்கும்போது கண்ணுக்குப் பழகிய வரி தெரிந்த வரியைப் போலத் தோன்றும். தேர்வறையில் அந்த வரி கண்முன்னே இருக்காது. ஆகவே, இப்போது வேண்டியது ஏழாவது பிடிஎஃப் அல்ல. பாடநூல் ஒன்று, கோடிடாத நோட்டு ஒன்று, கறுப்பு, சிவப்புப் பேனாக்கள், வெற்று வரைபடங்கள் ஆகியவை போதும்.

நான் கடைசிப் பத்து ஆண்டுகள் கடைப்பிடித்த ஒரு முறையை விரிவாகச் சொல்கிறேன். வரலாற்றுப் பகுதியில் பத்து அலகுகள் இருக்கின்றன. முதல் நான்கும் உலக வரலாறு, பின்னர் இந்தியாவும் தமிழ்நாடும் மாறிமாறி வருகின்றன. பிள்ளைகள் இவற்றைப் பத்துத் தனித்தனிக் கதைகளாகப் படிப்பதால் ஆண்டுகள் மனத்தில் ஒட்டுவதில்லை. அதனால் வகுப்பறைச் சுவரின் நீளத்திற்குச் சார்ட் தாள்களை ஒட்டி, அதில் மூன்று கோடுகளை இழுத்துவிடுவேன். மேற்கோடு உலகம், நடுக்கோடு இந்தியா, கீழ்க்கோடு தமிழ்நாடு. காலக்கோட்டு வினாவுக்கு இது நேரடியாக உதவும் என்றாலும், அதைவிடப் பெரிய பயன் வேறொன்று இருக்கிறது.

எடுத்துக்காட்டாக, 1914இல் மேற்கோட்டில் சரயேவோ படுகொலையும் முதல் உலகப்போரும் வரும். அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று எம்டன் கப்பல் சென்னை மீது குண்டு வீசியது. அது கீழ்க்கோட்டில் வரும். எங்கோ ஐரோப்பாவில் நடந்த போர் நம் கடற்கரைக்கு வந்ததை அந்த ஒரு நேர்கோட்டில் பிள்ளைகள் பார்த்துவிடுகிறார்கள். 1916இல் நடுக்கோட்டில் லக்னோ ஒப்பந்தமும் தன்னாட்சி இயக்கமும், கீழ்க்கோட்டில் தென்னிந்திய நல உரிமைச் சங்கமும் வரும். 1919இல் மேலே வெர்செயில்ஸ் உடன்படிக்கை, நடுவே ரௌலட் சட்டமும் ஏப்ரல் 13ஆம் நாள் ஜாலியன் வாலாபாக்கும். அந்தச் சட்டத்தை எதிர்த்து நாடு முழுவதும் கடையடைப்பு நடத்தலாம் என்ற எண்ணம் காந்தியடிகளுக்குச் சென்னையில் தங்கியிருந்தபோதுதான் தோன்றியது என்பதைக் கீழ்க்கோட்டில் எழுதச் சொல்வேன். 1920இல் பன்னாட்டுச் சங்கம், ஒத்துழையாமை இயக்கம், சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சியின் ஆட்சி. 1929இல் மேலே பொருளாதாரப் பெருமந்தம், நடுவே லாகூர் மாநாடு, கீழே செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு. 1930இல் தண்டியும் வேதாரண்யமும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து 1930 ஏப்ரல் 13 அன்று புறப்பட்ட அந்த நடைப்பயணம் தஞ்சாவூர், கும்பகோணம் வழியாகச் சென்றது. உங்கள் மாணவர்களில் எத்தனையோ பேர் அந்தச் சாலையில் பேருந்தில் போய் வருகிறவர்களாக இருப்பார்கள். அதைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் கவனமாகச் செய்ய வேண்டும். அந்தச் சுவரை ஆசிரியர் நிரப்பக் கூடாது. நாளொன்றுக்கு நான்கு பேர் வீதம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தங்களுக்கு நினைவில் இருப்பதைக் கறுப்பு மையில் எழுதட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விடுபட்டதையும் தவறானதையும் சிவப்பு மையில் சேர்க்கட்டும். சிவப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் மறுநாள் படிக்க வேண்டும். அதே பகுதியை மூன்று நாள் கழித்து ஒரு முறையும், பத்து நாள் கழித்து மறுமுறையும் தம் நோட்டில் எழுதிப் பார்த்தால், சிவப்பு குறைந்து வருவதை அவர்களே காண்பார்கள். எழுத வரவில்லை என்ற உங்கள் மாணவனுக்கு இதைவிட வேறு மருந்து எனக்குத் தெரியவில்லை.

பழைய வினாத்தாள்களைப் பற்றியும் ஒரு சொல். இந்தப் பாடநூல் 2019இல் வந்தது. பெருந்தொற்றின் காரணமாக 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடைபெறவில்லை. ஆகவே 2022 முதல் வந்த வினாத்தாள்கள்தாம் இந்த நூலுக்கு உரியவை. 2022இலும் பாடங்களைக் குறைத்தே தேர்வு நடத்தினார்கள். 'கடந்த பத்தாண்டு வினாக்கள்' என்று விற்கும் தொகுப்புகளில் பாதி, பழைய பாடத்திட்டத்தைச் சேர்ந்தவையாக இருக்கும். பாடநூலிலுள்ள விரைவுக் குறியீடுகளும் கல்வித் தொலைக்காட்சிப் பாடங்களும் நல்லவைதாம். ஆனால் அவை பாடத்தை முதல்முறை புரிந்துகொள்வதற்கு உதவுபவை. தேர்வுக்கு எட்டு வாரம் இருக்கும்போது காணொலி பார்ப்பதில் பிள்ளைகளுக்குப் படித்துவிட்ட நிறைவு மட்டுமே கிடைக்கும்.


மறுமொழி 2
எழுதியவர்: திருத்தும் மேசை

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். யூனியன் பிரதேச விடைகள் மூன்றும் ஒவ்வொரு காலத்தில் சரியாக இருந்தவை என்பதை அந்தப் பிள்ளைகளிடம் முதலில் சொல்லிவிடுங்கள். ஏழு என்பது பழைய கணக்கு. 2019 அக்டோபர் 31 அன்று ஜம்மு காஷ்மீர் மாநிலம் இரண்டு யூனியன் பிரதேசங்களாகப் பிரிந்தபோது மாநிலங்கள் 29இலிருந்து 28 ஆயின, யூனியன் பிரதேசங்கள் ஒன்பது ஆயின. 2020 சனவரி 26 அன்று தாத்ரா நாகர் ஹவேலியும் டாமன் டையூவும் ஒன்றாக இணைந்ததால் எட்டு ஆயின. மூன்று மாத இடைவெளியில் தயாரித்த ஒரு கையேட்டில்தான் ஒன்பது என்று இருந்திருக்க வேண்டும். அதையே யாரோ இன்று வரை நகலெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதே வகையில் காலாவதியான வேறு சில செய்திகளும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஆங்கிலோ இந்தியர் ஒருவரை நியமிப்பது பற்றிய வரி பல தாள்களில் இன்னும் இருக்கிறது. 104ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் அந்த நியமனம் 2020 சனவரியுடன் முடிந்துவிட்டது. தமிழ்நாட்டின் மாவட்டங்கள் 32 என்று அச்சிட்ட தாளையும் பார்த்திருக்கிறேன். மயிலாடுதுறையையும் சேர்த்து இன்று 38. ஐரோப்பிய ஒன்றியத்தில் 28 நாடுகள் என்பதும் பிரிட்டன் 2020 சனவரி 31 அன்று விலகியதோடு போயிற்று. ஒரு கையேடு நம்பத்தக்கதா என்று அறிய இந்த நான்கு செய்திகளைத் தேடிப் பாருங்கள். இவற்றில் ஒன்று தவறாக இருந்தாலும், அதைத் தொகுத்தவர் புதிய பதிப்பைத் திறந்து பார்க்கவில்லை என்று பொருள். தாள்களுக்குள் முரண்பாடு வந்தால், மாணவர் கையிலுள்ள நடப்புப் பதிப்புப் பாடநூலே இறுதி என்று வகுப்பில் அறிவித்துவிடுங்கள். விடைக்குறிப்பும் பாடநூலை ஒட்டித்தான் வரும்.

விடைத்தாள் மதிப்பீட்டுப் பணிக்குப் பல ஆண்டுகள் சென்று வந்தவன் என்ற முறையில், மதிப்பெண் எங்கே கைநழுவுகிறது என்பதைச் சொல்வது பயன்படும். ஒரு மதிப்பெண் வினா 14. இதில் விடையின் குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுத வேண்டும் என்று வினாத்தாளிலேயே இருக்கிறது. இருந்தும் 'இ' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். குறியீடு ஒன்றும் விடை வேறொன்றுமாக எழுதுகிறவர்களும் உண்டு. இரண்டு மதிப்பெண் வினாக்கள் 14இல் பத்தும், ஐந்து மதிப்பெண் வினாக்கள் 14இல் பத்தும் எழுத வேண்டும். இரண்டு பகுதியிலும் கடைசி வினா, அதாவது 28ஆவதும் 42ஆவதும், கட்டாயம். இதை மறந்து அவற்றை விட்டுவிட்டு வேறு பத்து வினாக்களை எழுதிய தாளைத் திருத்தும்போது நமக்கே கை நடுங்கும். எட்டு மதிப்பெண் வினா இரண்டு. கூட்டிப் பாருங்கள்: 14, 20, 50, 16. நூறில் சரிபாதி ஐந்து மதிப்பெண் பகுதியில்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் திருப்புதல் நேரத்தில் பெரும்பகுதியை ஒரு மதிப்பெண் தொகுப்புகளிலேயே செலவிடுகிறார்கள்.

ஐந்து மதிப்பெண் விடையில் நான் எதிர்பார்ப்பது நீளத்தை அல்ல. உட்தலைப்பு இட்டு, ஒரு கருத்துக்கு ஒரு வரி என்ற அளவில் ஐந்தாறு கருத்துகள் இருந்தால் கண் உடனே பிடித்துக்கொள்ளும். வேலூர்ப் புரட்சிக்குக் காரணம் கேட்டால், புதிய தலைப்பாகை, காதணிக்கும் சமயக் குறிக்கும் தடை, தாடியை மழிக்கும் உத்தரவு, கோட்டையில் திப்புவின் மகன்கள் இருந்தது என ஒவ்வொன்றும் தனி வரியில் வரட்டும். அதே செய்திகளை ஒரே பத்தியில் முன்னும் பின்னுமாக எழுதிய மாணவனுக்கும் மதிப்பெண் கொடுக்கத்தான் முயல்கிறோம். ஆனால் ஒரு நாளில் பல தாள்கள் கடந்துபோகும் கண்ணுக்கு ஒன்றிரண்டு தப்பிவிடலாம். வேறுபடுத்துக என்றால் நடுவில் கோடு இழுத்து, இருபுறமும் ஒரே பொருளைப் பற்றிய செய்தி எதிரெதிரே இருக்க வேண்டும். இமயமலை ஆறு ஆண்டு முழுவதும் ஓடும் என்று இடப்பக்கம் எழுதிவிட்டு, வலப்பக்கத்தில் தீபகற்ப ஆறு மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றுகிறது என்று எழுதினால் அது வேறுபாடு ஆகாது.

உங்கள் ஐந்து முதல்தர மாணவர்களுக்கு வாரம் ஒரு முறை முழுத் தேர்வு வையுங்கள். மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதும் பழக்கம் கைக்கு வர வேண்டும்.


மறுமொழி 3
எழுதியவர்: மலையடிவாரப் பள்ளி

முதல் மறுமொழியில் ஐயா கூறியதைப் பெரும்பாலும் ஏற்கிறேன். ஆனால் கையேடே வேண்டாம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த ஒன்பது பேரைப் பற்றி எண்ணிப் பாருங்கள். என் பள்ளியிலும் அப்படி இருக்கிறார்கள். பள்ளி விட்டதும் ஆடு மேய்க்கப் போகிறவனும், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணும் 22 பாடங்களுக்கு மேல் உள்ள புத்தகத்தைத் திறந்த உடனே மலைத்து மூடிவிடுகிறார்கள். அவர்களுக்கு எல்லை தெரிய வேண்டும். 'இந்த முப்பது பக்கத்தை முடித்தால் நீ தேர்ச்சி பெற்றுவிடுவாய்' என்று சொல்லி ஒரு சிறிய கையேட்டைக் கொடுத்தபோது, முதன்முறையாகக் கையில் பேனா எடுத்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். 35 மதிப்பெண் என்பது அவர்களுக்கு மேல்நிலைக் கல்வியின் கதவு. அதை இழிவாக எண்ணிவிடக் கூடாது.

ஆனால் அந்தக் கையேடு நீங்களே தயாரித்ததாக இருக்கட்டும். வந்த ஆறு கோப்புகளையும் ஒதுக்கிவிட்டு, உங்கள் வகுப்பின் ஒன்பது பேருக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் வைத்து நீங்கள் கையால் எழுதினாலே போதும். ஒன்பது படிகளுக்கு ஆகும் செலவும் சிறியது.

அவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டியது வரைபடம். அண்மை ஆண்டுகளின் வினாத்தாள்களைப் பார்த்தால், ஐந்து மதிப்பெண் பகுதியில் ஒன்றும் எட்டு மதிப்பெண் பகுதியில் ஒன்றுமாக வரைபடத்திற்கே 13 மதிப்பெண் வழக்கமாக வருகிறது. தேர்ச்சிக்கு வேண்டிய 35இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது. வாக்கியம் எழுத வராத பிள்ளைக்கும் அது எட்டும்.

வரைபடத்தில் எங்கள் பிள்ளைகள் செய்யும் தவறு ஓர் இடத்தைத் தனியாக மனப்பாடம் செய்வதுதான். நான் அண்டை வீட்டைச் சொல்லிக் கொடுப்பதுபோல் சொல்லிக் கொடுக்கிறேன். விந்திய மலைக்குத் தெற்கே நர்மதை, நர்மதைக்குத் தெற்கே சாத்பூரா, சாத்பூராவுக்குத் தெற்கே தபதி. மலை, ஆறு, மலை, ஆறு. நான்கையும் ஒரே மூச்சில் சொல்லியபடி மேலிருந்து கீழாகக் கையை நகர்த்தி வரையச் செய்தால், ஒன்று நினைவுக்கு வந்தாலும் மற்ற மூன்றும் கூடவே வந்துவிடும். மேற்குக் கடற்கரையில் வடக்கே கொங்கணம், தெற்கே மலபார். ராமேசுவரத்துக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. இவ்விரண்டையும் மாற்றிக் குறிப்பவர்கள் என் வகுப்பில் பாதிப்பேர் இருந்தார்கள். தூத்துக்குடி எந்தப் பக்கம் என்று கேட்ட பிறகுதான் சரியாயிற்று. கடகரேகையை எட்டு மாநிலங்கள் வழியாகக் குஜராத்திலிருந்து மிசோரம் வரை கையால் இழுத்துப் பழகட்டும். அந்தக் கோடு கையில் இருந்தால் மற்ற இடங்களை அதற்கு மேலா கீழா என்று வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

நாள்தோறும் காலை வணக்கக் கூட்டம் முடிந்ததும் பத்து நிமிடம், வெற்று வரைபடத்தில் ஐந்து இடங்கள். அவ்வளவுதான் நான் செய்வது. வெற்று வரைபடம் வாங்கப் பணமில்லாத நாளில், தரையில் சாக்பீசால் இந்தியாவை வரைந்து, ஒவ்வொரு பிள்ளையையும் ஒவ்வோர் இடத்தில் போய் நிற்கச் சொல்வேன். 'நீ சென்னை, நீ கொச்சி, உங்களுக்கு நடுவில் என்ன இருக்கிறது?' என்று கேட்பேன். எழுதத் திணறும் பிள்ளைகள்தாம் அதில் முதலில் ஓடிப் போய் நிற்பார்கள்.

வரைபடத்திற்கு அடுத்துக் காலக்கோடு, அதற்கடுத்துக் குடிமையியல். அடிப்படை உரிமைகள், அவசரநிலை பற்றிய 352, 356, 360 ஆகிய மூன்று சட்டப்பிரிவுகள், முதலமைச்சர், ஆளுநர் அதிகாரங்கள் ஆகியவற்றைச் செய்தியில் அன்றாடம் கேட்பதால் அவர்களுக்கு எளிதில் பிடிபடும். உலகப்போர் அலகுகளை அவர்களுக்குக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.


மறுமொழி 4
எழுதியவர்: 2022இல் எழுதியவள்

ஆசிரியர்கள் பேசும் இடத்தில் ஒரு முன்னாள் மாணவியாக இரண்டு சொல். நான் 2022 மே மாதம் தேர்வு எழுதினேன். ஒன்பதாம் வகுப்பின் பெரும்பகுதியைப் பள்ளிக்குப் போகாமலே கடந்தவர்கள் நாங்கள். என்னிடம் கைடு இருந்தது, என் தோழியிடம் இல்லை. அவள் பாடநூலின் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அந்தப் பத்தி எந்தக் கேள்விக்கு விடை என்று பென்சிலால் ஒரு வரி எழுதி வைத்திருந்தாள். மாலையில் திண்ணையில் அமர்ந்து அவள் அந்த வரியை மட்டும் வாசிப்பாள். நான் விடை சொல்ல வேண்டும். பிறகு நான் கேட்பேன். பாடத்தின் உள்ளிருந்து வந்த வினாக்களை அவள் எழுதிவிட்டாள். பாடப் பயிற்சியில் உள்ள வினாக்களை மட்டுமே கொண்ட கைடு வைத்திருந்த என்னால் அவற்றில் இரண்டை எழுத இயலவில்லை. கேள்வி எழுதும் வேலையை மாணவர்களிடமே கொடுத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.


கேட்டவர் மறுமொழி
எழுதியவர்: டெல்டா ஆசிரியை

நால்வருக்கும் என் நன்றி. இரண்டு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். சுவரில் மூன்று கோடுகள் ஏறிவிட்டன. 1857 முதல் 1947 வரை இழுத்ததில் பின்சுவர் முழுவதும் போதவில்லை. சன்னலைத் தாண்டிக் கதவு வரை வந்துவிட்டது. முதல் வாரம் நடுக்கோடு ஓரளவு நிரம்பியது, கீழ்க்கோடு வெறிச்சோடிக் கிடந்தது. தமிழ்நாட்டு அலகுகளைத்தான் நன்றாக நடத்தியதாக நான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த வெற்றிடத்தைப் பார்த்த பிறகு ஒன்பதாவது, பத்தாவது அலகுகளை மீண்டும் எடுத்தேன். வேதாரண்யம் என்று எழுதிய பெண், தன் பாட்டி ஊர் அதற்குப் பக்கம் என்றும் உப்பளத்தைப் பார்த்திருப்பதாகவும் சொன்னாள். அன்று வகுப்பில் பாடம் அரைமணி நேரம் தானாக நடந்தது.

ஒன்பது பேருக்கும் 28 பக்கத்தில் கையெழுத்துக் கையேடு ஒன்றைத் தயாரித்தேன். முதல் ஆறு பக்கங்களும் வரைபடம். நேற்றைய சிறுதேர்வில் அவர்களில் ஆறு பேர் 13க்கு ஒன்பதுக்கு மேல் எடுத்திருக்கிறார்கள். எழுத வரவில்லை என்ற மாணவன் தன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். முதல் பக்கம் பெரும்பாலும் சிவப்பாக இருந்தது. அதே பாடத்தை மூன்றாம் முறை எழுதிய பக்கத்தில் நான்கு சிவப்பு வரிகள்தாம் இருந்தன.

ஒன்று மட்டும் இன்னும் எனக்குக் கைவரவில்லை. பொருளியலில் பிள்ளைகள் இலக்கணத்தை அப்படியே ஒப்பிக்கிறார்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தி என்றால் என்ன என்று கேட்டால் ஒரு சொல் பிசகாமல் எழுதுகிறார்கள். அதில் ஏன் இறுதிப் பொருள் என்ற சொல் வருகிறது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. காலக்கோடும் வரைபடமும் இதற்கு உதவாது. நீங்கள் எப்படிச் செய்தீர்கள்?


மறுமொழி 5
எழுதியவர்: பழைய கரும்பலகை

அம்மா, கீழ்க்கோடு காலியாக இருந்ததைக் கண்டு உடனே அந்த அலகுகளை மறுபடி எடுத்தீர்களே, அதைப் படித்தபோது மனம் நிறைந்தது. மலையடிவாரப் பள்ளி நண்பர் கையேட்டைப் பற்றிக் கூறியதையும் ஏற்கிறேன். எல்லை தெரியாமல் மலைத்து நிற்கும் பிள்ளையை நான் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

பொருளியலுக்கு வகுப்பில் நால்வரை எழுப்பி நிறுத்துங்கள். முதலாமவன் பருத்தி விளைவிப்பவன், 40 ரூபாய்க்கு விற்கிறான். இரண்டாமவன் அதை நூலாக்கி 80 ரூபாய்க்கு விற்கிறான். மூன்றாமவன் நூலைத் துணியாக்கி 120 ரூபாய்க்குக் கொடுக்கிறான். நான்காமவன் திருப்பூர்க்காரன், பனியன் தைத்து 200 ரூபாய்க்குக் கடையில் விற்கிறான். நாட்டின் உற்பத்தி எவ்வளவு என்று வகுப்பைக் கேட்டால், நான்கையும் கூட்டி 440 என்று உடனே குரல் வரும். அப்போது பனியனைக் கையில் உயர்த்திக் காட்டி, 'இதற்குள் பருத்தி இருக்கிறதா, நூல் இருக்கிறதா?' என்று கேளுங்கள். பருத்தியின் 40 ரூபாயை நான்கு முறை எண்ணிவிட்டோம் என்பதை யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடித்துச் சொல்லிவிடும். அதுவரை நீங்கள் சொல்லாமல் பொறுத்திருக்க வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் புதிதாகச் சேர்த்த மதிப்பை, அதாவது 40, 40, 40, 80 என்பவற்றை, அவர்களையே கூட்டச் சொன்னால் மறுபடியும் 200 வரும். இறுதிப் பொருள் என்ற சொல் ஏன் அந்த இலக்கணத்தில் இருக்கிறது என்பதை அன்றைக்கே, புத்தகத்தைத் திறக்காமல், தங்கள் சொற்களில் மூன்று வரி எழுதித் தரச் சொல்லுங்கள்.